இடது பக்கம் வந்து நின்றவர்கள்

“கடைசி வரிசை வரைக்கும் படிச்சிட்டேன்” என்று நம்மில் யாராவது கண் பரிசோதனைக்குப் போய்வந்து பெருமையாகச் சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடுகிறது. நம் வயதில் அது நல்ல செய்திதான், வாழ்த்தத்தான் வேண்டும். ஆனால் வாழ்த்துவதற்கு முன்பே, “பக்கவாட்டுல பாத்தாங்களா?” என்று கேட்டுவிடுகிறேன். போன மாதம் காலை நடையில் ஒருவர் இதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் போய்விட்டார். அவருக்காகவும், அதே கேள்வியை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மற்றவர்களுக்காகவும், நான் ஏழாம் வகுப்புப் படித்த வருடம் ஆவணி முதல் தை வரை எங்கள் வீட்டில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

வெறும் நினைவை நம்பி எழுதவில்லை. என்னிடம் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. ஒன்று, அம்மா தினமும் கிழித்து, பின்பக்கம் பென்சிலால் ஓரிரு வரி எழுதி, கம்பியில் குத்தி வைத்த நாட்காட்டித் தாள்கள். மற்றது, நர்சிங் படித்த சித்தியின் ரெக்கார்டு நோட்டு. இரண்டும் ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

விளாங்குடியில் திண்டுக்கல் சாலையைப் பார்த்தபடி அப்பாவின் மாட்டுத்தீவனக் கடை இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. பருத்திக்கொட்டை, தவிடு, கடலைப் புண்ணாக்கு. எங்கள் துணி, தலைமுடி, பள்ளிக்கூடப் பை எல்லாவற்றிலும் அந்த எண்ணெய் வாசனை. லாரி போகும்போதெல்லாம் தவிட்டுத் தூசி எழும்பி, காலை வெயிலில் மினுங்கிக்கொண்டே மெதுவாகக் கீழே இறங்கும். அப்பா அந்தத் தூசிக்குள் உட்கார்ந்து, சாலையின் எதிர்ப்புறம் வருகிற பேருந்தின் பெயர்ப்பலகையை எல்லோருக்கும் முன்னால் படிப்பார். அவருக்குக் கழுகுக் கண் என்று தெருவில் பேர்.

சித்தி அம்மாவின் தங்கை, பத்தொன்பது வயது. கல்லூரிக்குப் பேருந்து வசதியாக இருக்கிறதென்று எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். அவர்கள் இருவருக்கும் மூத்தவர் மாமா. ஆனையூரில் வீடு. அப்பாவைவிட நான்கு வயது பெரியவர்.

ஆவணியில் அக்காவுக்கு நிச்சயம். எங்கள் வாசலில்தான் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிய நேரம், அப்பா பந்தல் வாயிலில் நின்று அவர்களைக் கை கூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தார். மாமா கடைப் பக்கமாக, அதாவது அப்பாவின் இடது பக்கமாக வந்தார். கையில் சீர்த்தட்டு: பட்டுப்புடவை, மாலை, பழம், வெற்றிலை. தட்டை ஏந்தியபடி அப்பாவின் தோளுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றார். அப்பா திரும்பவில்லை. எதிரே வந்த ஒவ்வொருவரையும் “வாங்க, வாங்க” என்றார். மாமாவை மட்டும் சொல்லவில்லை. மேளச் சத்தம் காதை அடைத்தது. பந்தலில் இருந்த பாதிப் பேர் அதைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மாமாவின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

நம் பக்கத்தில் இது எப்படிப்பட்ட விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் மன்னிப்பார்கள். பந்தியில் இடம் இல்லையென்றால்கூடக் காத்திருப்பார்கள். “வாங்க” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றால் அடுத்த தலைமுறை வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. அதுவும் பெண்ணின் தாய்மாமன், சீர்த்தட்டோடு.

மாமா தட்டை அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவின் காதருகே குனிந்து சொன்னது எனக்குக் கேட்டது. “உம் மகளுக்கு மாமன் செய்ய வேண்டியதச் செஞ்சிட்டேன்த்தா. இனிமே இந்த வாசல்ல என்னையப் பாக்க முடியாது.”

“அண்ணே, ஒரு வாய் சாப்ட்டுப் போங்கண்ணே.”

“யாரு கூப்ட்டா?”

போய்விட்டார். அம்மாவின் அன்றைய தாளில் இரண்டே சொற்கள்: அண்ணன் சாப்பிடவில்லை.

கல்யாணம் தையில். தாய்மாமன் மாலை போட்டு அழைத்து வராமல் அக்கா எப்படி மணமேடை ஏறுவாள்? மாப்பிள்ளையின் பெரியப்பா சாதாரண ஆள் இல்லை. எதிலும் ஓட்டை தேடுகிறவர். ஒரு வாரத்திலேயே ஆள்விட்டுக் கேட்டார்: “பொண்ணோட மாமன் ஏன் கோவிச்சுக்கிட்டுப் போனாரு? பொண்ணு வீட்ல ஏதும் விவகாரமா?” அக்கா சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். அப்பாவோ ஒரே பேச்சில் நின்றார். “வந்ததே எனக்குத் தெரியாது. வந்த ஆளு முன்னாடி வந்து நிக்கணும்ல? திருட்டுத்தனமாப் பக்கத்துல வந்து நின்னுட்டு, கூப்பிடலன்னு சொன்னா? வேணும்னே செஞ்சிருக்காரு உங்கண்ணன்.”

“எங்கண்ணன் எதுக்குய்யா வேணும்னு செய்யிறாரு?”

“பெரிய மனுசன்னு காட்டிக்கத்தான்.”

இப்படியே புரட்டாசி வந்தது. சித்திக்குக் கல்லூரியில் கண் பாடம் தொடங்கியது. ஒரு வெள்ளை ரப்பர் பந்தை இரண்டாக அறுத்து, உள்ளே சிவப்புக் கம்பளி நூலை ரத்தக்குழாயாக ஒட்டி, முன்பக்கம் மருந்துக் குப்பி மூடியைக் கருவிழியாக வைத்து, பின்பக்கம் திரி நூலைப் பார்வை நரம்பாகத் தொங்கவிட்டு ஒரு கண் செய்தாள். இத்தனை வருடத்தில் கண் ஆஸ்பத்திரி மேசைகளில் எத்தனையோ மாதிரிகளைப் பார்த்துவிட்டேன். அந்த ரப்பர் பந்து அளவுக்கு எதுவும் கண்போல இருந்ததில்லை.

பிறகு எழுத்து அட்டை வந்தது. அட்டைக்கும் ஆளுக்கும் நடுவே ஆறு மீட்டர் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த நீளம் அடுப்படிப் பின்வாசலிலிருந்து கடைக்குப் போகும் கதவு வரைதான் கிடைத்தது. கதவில் அட்டையை மாட்டி, ஒவ்வொருவரையும் பின்வாசலில் நிறுத்தினாள். ஒரு கண்ணை விரலால் மூடினால் இடுக்கு வழியாகப் பார்ப்பார்கள், உள்ளங்கையால்தான் மூட வேண்டும் என்று என் கையில் ஒரு தட்டு தட்டினாள். நான் கடைசிக்கு முந்தைய வரிசையில் தடுமாறினேன். அம்மாவுக்கு நான்காவது வரிசையே கலங்கியது. அப்பா வந்து நின்று, வலது கண்ணால் ஒருமுறை, இடது கண்ணால் ஒருமுறை, கடைசி வரிசைப் பொடி எழுத்து வரை ஒரு எழுத்து பிசகாமல் படித்தார்.

“அத்தான், ஆறுக்கு ஆறு! ரெண்டு கண்ணும்!” என்று சித்தி கை தட்டினாள்.

அப்பா மீசையைத் தடவினார். “நான் என்ன உங்க அக்காவா, புளியையும் வெல்லத்தையும் மோந்து பாத்துப் போட?”

அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். “ஆறு மீட்டருக்கு அங்கிட்டு இருக்கிற எறும்பு எழுத்துத் தெரியுது. ஒரு முழத்துல ஆறடி ஆளு தட்டோட நின்னது தெரியலையாக்கும்?”

அதுவரை அம்மாவுக்கு அப்பா சொன்னதில் பாதி நம்பிக்கை இருந்தது. அந்த அட்டை அதையும் எடுத்துவிட்டது. இன்று யோசித்தால், பாதிப் பாடம் படித்த ஒரு மாணவி எடுத்த சரியான அளவு அது. அளவில் தப்பில்லை. அது எதை அளந்தது என்பதுதான் எங்களில் யாருக்கும் தெரியாது. இரண்டே நாளில் அந்தச் செய்தி ஆனையூருக்கும் போய்விட்டது. யார் சொன்னார்கள் என்று அப்பா விசாரிக்கவே இல்லை. சித்திதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

அதன் பிறகு அப்பாவுக்கு எல்லோர் மேலும் சந்தேகம். வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லை என்பார். சாக்குத் தைக்கும் கோணி ஊசி காணவில்லை என்று கடையைப் புரட்டினார். கடையில் மூட்டை தூக்குகிறவர், சத்தம் போடாமல் நடக்கிற மெலிந்த மனிதர். அவரைப் பார்த்து, “நீ எப்பப் பாத்தாலும் பூனை மாதிரி இடுப்புக்குப் பக்கத்துல வந்து நிக்கிற. என்னடா நோட்டம் பாக்குற?” என்று கத்தினார்.

“இல்லண்ணே, நான் இங்கனதான நின்னுக்கிட்டு இருக்கேன், வந்ததுல இருந்து.”

“பாத்தியா, பேச்ச!”

அவரை அன்றே அனுப்பிவிட்டார். ஊசி தராசுக்கு இடப்புறம், அப்பாவின் முட்டிக்குப் பக்கத்திலேயே, தவிட்டு மூட்டையில் குத்தி நின்றது. எடுத்துக் கொடுத்தது நான்தான். “நீதான் ஒளிச்சு வச்சியா, கழுதை?” என்று எனக்கும் ஒரு குட்டு. அந்த மனிதரைப் பிறகு திரும்பக் கூப்பிட்டார்களா என்று தாள்களில் தேடிப் பார்த்தேன். இல்லை.

ஐப்பசி முதல் வாரத்தில் சித்தியின் ரப்பர் பந்துக் கண் போனது. மறுநாள் கல்லூரியில் கொடுக்க வேண்டியது. பசை காய்வதற்காகக் கடைப் படியின் இடது ஓரத்தில் வெயிலில் வைத்திருந்தாள். அப்பா கடையிலிருந்து இறங்கியபோது நேராக அதன் மேல் மிதித்தார். மூடி நொறுங்கியது, பந்து நசுங்கியது.

“கண்ணு முன்னாடிதான இருந்துச்சு அத்தான்!” என்று சித்தி அழுதாள்.

“கால் வைக்கிற எடத்துல கொண்டாந்து வச்சா? நான் வழுக்கி விழணும்னு வச்சியா? யாரு சொல்லிக் குடுத்தா, உங்கண்ணனா?”

இந்த இடத்தில்தான் இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகவில்லை. அம்மாவின் தாளில் “தெரியாமல் மிதித்துவிட்டார்” என்று இருக்கிறது. சித்தியின் நோட்டில், படம் ஒட்ட வேண்டிய பக்கத்தின் ஓரத்தில், “வேண்டுமென்றே” என்று ஒரே ஒரு சொல். பிறகு அதை அடித்திருக்கிறாள். எப்போது அடித்தாள் என்று கேட்டால் சிரிக்கிறாள்.

அந்த மாதக் கடைசியில் சித்தி ஒரு வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறியும் வலப்பக்கம் ஒரு கரும்புள்ளியும் போட்டு என்னிடம் நீட்டினாள். “எடது கண்ண மூடு. பெருக்கலையே பாரு. தாளை மெல்ல மெல்லக் கிட்டக்கக் கொண்டா.” ஒரு தூரத்தில் புள்ளி காணாமல் போனது. நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். அவள் ஏதோ வித்தை செய்துவிட்டாள் என்றே நினைத்தேன். “கண்ணுல நரம்பு நுழையிற எடத்துல பார்வை கெடையாது. எல்லாருக்கும் இருக்கு” என்றாள்.

“அப்ப அந்த எடத்துல கருப்பா ஓட்டை தெரியணும்ல? வெள்ளையால்ல இருக்கு?”

“அதான் விசயம். இல்லாத எடத்த மூளை பக்கத்துல இருக்கிறத வச்சு அடைச்சிரும். தெரியலங்கிறதே நமக்குத் தெரியாது.”

சொன்னவள் அப்போது அதை வெறும் பாடமாகத்தான் சொன்னாள். அடுத்த செய்முறை பக்கப் பார்வை. எதிரெதிரே உட்கார வேண்டும். பார்க்கப்படுகிறவர் ஒரு கண்ணை மூட, பார்க்கிறவரும் நேரெதிர்க் கண்ணை மூட வேண்டும். இவர் அவருடைய மூக்கையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் விரலை ஓரத்திலிருந்து மெதுவாக உள்ளே கொண்டுவருவார். தெரிந்ததும் சொல்ல வேண்டும். பார்க்கிறவருக்குத் தெரிகிற இடத்தில் இவருக்கும் தெரிந்தால் சரி. ஐந்து பேரைச் சோதித்து நோட்டில் எழுத வேண்டும். நான், அம்மா, அக்கா, எதிர்வீட்டு டீச்சர். ஐந்தாவது ஆள் கிடைக்கவில்லை. சித்தி கடை வாசலில் தயங்கி நின்றாள்.

அப்பா அவளை நேராகப் பார்த்தார். “பரிச்சைக்கா?”

“ஆமாத்தான்.”

“வா. படிப்புக்கும் சண்டைக்கும் என்ன இருக்கு?” மூட்டை மேலேயே உட்கார்ந்தார். அப்பாவிடம் இப்படி ஒரு குணமும் உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் இரண்டு கண்ணும் திறந்திருக்க, சித்தி விரலை அவருடைய வலப்புறத்திலிருந்து கொண்டுவந்தாள். “தெரியுது” என்றார். இடப்புறத்திலிருந்து கொண்டுவந்தாள். அவர் பேசவில்லை. விரல் உள்ளே வந்தது. இன்னும் வந்தது. கிட்டத்தட்ட அவர் மூக்குக்கு நேரே வந்த பிறகுதான், “ம், தெரியுது” என்றார். பிறகு அவருடைய வலது கண்ணை மட்டும் திறந்து வைக்கச் சொல்லிப் பார்த்தாள். மூக்குப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. இடது கண்ணில் நடுவில் ஒரு சிறு வட்டம் தவிர எந்தப் பக்கமும் தெரியவில்லை.

“அத்தான், வெளையாடாதீங்க.”

“என்னத்த வெளையாடுறேன்? நீ விரலைக் கொண்டாந்தாத்தான சொல்ல முடியும்?”

அடுப்படிக்கு வந்த சித்தியின் முகம் சிவந்திருந்தது. “நடிக்கிறாருக்கா. என்ன சோதனைன்னு தெரிஞ்சுக்கிட்டு, அன்னிக்கு நிச்சயத்துல கண்ணு தெரியலன்னு சாதிக்கப் பாக்குறாரு” என்று அம்மாவிடம் முணுமுணுத்தாள். நானும் அதை நம்பினேன். எங்கள் எல்லோருக்கும் யாரும் உண்மை சொல்வதாகவே தோன்றாத காலம் அது.

ஆனால் சித்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு நாள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை நரம்பு ஓரத்திலிருந்து அணைந்துகொண்டு வரும் ஒரு நோயைப் பற்றி அவள் எழுதிய பக்கம் அது. கடைசிவரை நடுப் பார்வை நன்றாக இருக்கும், எழுத்து அட்டையைக் கடைசி வரிசை வரை படிப்பார்கள் என்று அவளே தன் கையால் எழுதியிருந்தாள். அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினாள். அம்மா, “ஆஸ்பத்திரிக்கு வாங்க” என்று அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா மறுத்தார். “எனக்கு எல்லாமே தெளிவாத் தெரியுது. எங்கயும் இருட்டா இல்ல. என்னையக் குருடன்னு சொல்லி, கடையப் பூட்டப் பாக்குறீங்களா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தி என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆனையூர் போனாள். மாமா நோட்டை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

“நல்லாத்தான் படம் போட்டிருக்க. உங்க அத்தான் சொல்லிக் குடுத்தாரா?”

“அண்ணே, சாமி சத்தியமா.”

“அந்த ஆளு ரோட்டுக்கு அங்கிட்டு வர்ற பஸ்சு பேரப் படிப்பாரு. எனக்குத் தெரியாதா? இப்பக் கல்யாணம் நின்னுரும்னு பயம், அதுக்கு ஒரு கதை. வேணும்னா வந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லு.”

என்னைப் பார்த்தார். “நீ சொல்லுடி. உங்கப்பாவுக்குக் கண்ணு தெரியாதா?”

தெரியாது என்றால் பொய்யாகிவிடும்போல் இருந்தது. தெரியும் என்றாலும் அப்படித்தான்.

கார்த்திகையில் ஒரு காலை. பள்ளி விடுமுறை. நான் கடைக்குள் புண்ணாக்கு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அப்பா தராசுக்கு முன்னால் நின்று பருத்திக்கொட்டையைச் சுளகில் போட்டுத் தூசி புடைத்துக்கொண்டிருந்தார். சாலையில் லாரிகளின் இரைச்சல். நிமிர்ந்தபோது மாமா கடைக்குள் இருந்தார். அப்பாவின் இடப்பக்கம், அதே ஒரு முழ தூரம். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

அடிக்க வந்திருக்கிறாரோ என்று நினைத்தேன். “அப்பா” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அப்பா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றால், அக்கா கல்யாணமும் அம்மாவின் பிறந்த வீடும் அத்தோடு போயிற்று. என் அப்பாவுக்குக் கண் தெரியக்கூடாது என்று நான் சாமியை வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

மாமா அசையாமல் நின்றார். அப்பா புடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மாமா வலது கையை ஓங்கினார். அப்பாவின் இடது கன்னத்துக்கு அரைச்சாண் தூரம் வரை கை வேகமாக வந்து நின்றது. பார்வை உள்ள எந்த மனிதனுக்கும் இமை தட்டியிருக்கும். நடிக்கிறவனால்கூட அதை நிறுத்த முடியாது. அப்பாவுக்கு இமை அசையவில்லை. சுளகின் நுனியில் சேர்ந்த தூசியை உதடு குவித்து ஊதினார்.

மாமா ஓங்கிய கையை மெதுவாக இறக்கினார். ஓரடி முன்னால் வைத்தார். அப்பா பார்க்கவில்லை. இன்னும் ஓரடி. தராசைச் சுற்றி, மூட்டையைச் சுற்றி, ஒவ்வோர் அடியாக அப்பாவின் முகத்தையே பார்த்தபடி நடந்தார். அப்பாவுக்குக் கிட்டத்தட்ட நேரெதிரே வந்தபோது அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். கோபம் அவருக்கு நினைவு வருவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“வாங்க மச்சான், வாங்க! எப்ப வந்தீக?”

மாமா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “இப்பத்தான் மாப்ள” என்றார். “இந்தா, இப்பத்தான் வந்தேன்.”

மறுநாள் மாமாவே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கண் அழுத்த நோய் என்றார்கள். மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், போனது போனதுதான் என்றார்கள். ஆவணியிலேயே வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்றும் சொன்னார்களாம். பரம்பரையாகவும் வரக்கூடியது என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டதும், மாப்பிள்ளையின் பெரியப்பா முகம் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. கல்யாணம் முடியும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று மாமா எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார். அது சரியா என்று இன்று என்னைக் கேட்டால், சரி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அக்காவின் கணவருக்குப் பிறகு சொன்னோம். அவர் பெருந்தன்மையானவர். ஆனால் பிறகுதான் சொன்னோம்.

தையில் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம். வாசலில் அப்பா நின்றார். அவருடைய இடப்பக்கம், தோளோடு தோள் ஒட்டி, மாமா. அக்காவை மணமேடைக்கு அழைத்துவரும் நேரம் தவிர, காலையிலிருந்து அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அந்தப் பக்கமிருந்து ஆள் வரும்போதெல்லாம், சிரித்த முகம் மாறாமல் பல்லிடுக்கில் சொல்வார்: “மாப்ள, திருமங்கலத்து அத்தை.” “மாப்ள, உங்க பங்காளி, ரெண்டு மகனுங்களோட.”

மாப்பிள்ளையின் பெரியப்பா இதை நெடுநேரம் கவனித்துக்கொண்டிருந்தார். கடைசியில் பக்கத்தில் வந்து, நாலு பேர் கேட்கும்படி கேட்டார். “என்னங்க, நிச்சயத்துல கோவிச்சுக்கிட்டுப் போனவரு இன்னிக்கு வாசலையே பிடிச்சுக்கிட்டீங்க? மச்சான் வீட்ல எல்லாம் உங்க அதிகாரம்தானா? எழுதிக் கிழுதி வாங்கிட்டீங்களா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவின் முகம் கறுத்தது. எதையோ சொல்ல வாயெடுத்தார். மாமா அவர் முழங்கையை அழுத்தினார்.

“ஆமா சம்பந்தி” என்றார் மாமா. “பொண்ணுக்கு மாமன்ல. இன்னிக்கு ஒரு நாளாச்சும் அதிகாரம் பண்ணிக்கிறேன்.”

பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார். அவர் நம்பவில்லை. ஊரில் பலரும், மாமா சாகும்வரை அவரை அப்படித்தான் பேசினார்கள். அவர் அதற்குப் பதில் சொன்னதில்லை.

அப்போது இடப்பக்கம், மண்டபத்தின் சுவரை ஒட்டி, யாரோ வந்தார்கள். மாமா ஏதோ முணுமுணுத்தார். அப்பா கழுத்தைத் திருப்பி, தன் கண்ணில் இன்னும் படாத ஒருவரை நோக்கிக் கை கூப்பி, வாய் நிறைய, “வாங்க, வாங்க” என்றார்.